துளையுள்ள பிரேக் டிஸ்க்: அழகு மட்டும் போதுமா?

பந்தயக் கார் போலத் தெரியும் என்பதற்காகவே பல இளைஞர்கள் துளையுள்ள பிரேக் டிஸ்க்கைத் தேடி வாங்குகிறார்கள். விலை மிக மலிவாக இருந்தால் சற்று யோசியுங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது காரின் வேகம் வெப்பமாக மாறி, வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஏறுகிறது. டிஸ்க் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் துளையின் விளிம்பில்தான் அழுத்தம் குவியும். தரமான தயாரிப்பில் துளைகளின் இடத்தைக் கணக்கிட்டு, விளிம்பையும் சரிவாகச் சீவியிருப்பார்கள். சாதாரண டிஸ்க்கில் வெறுமனே ஓட்டை போட்டு விற்பதும் உண்டு. அதன் கூரான விளிம்பில் மயிரிழை போல் தொடங்கும் விரிசல், அடுத்த துளைவரை ஓடும். முற்றினால் டிஸ்க்கே உடையலாம்.

அந்தக் காலத்து பிரேக் பேட்கள் சூடேறினால் வாயு கிளம்பும். அது வெளியேறத்தான் துளைகள் வந்தன. இன்றைய பேட்களில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் துளையிட்டால், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைந்துவிடும். கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது அந்த இரும்புதான் வேண்டும். தினசரி ஓட்டத்துக்குத் தரமான சாதாரண டிஸ்க்கே போதும். மலையிறக்கத்தில் குறைந்த கியரையும் பயன்படுத்துங்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? அடுத்த சர்வீஸில் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் இருபுறமும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகளை இணைக்கும் விரிசலோ, ஓரத்தைத் தொட்ட விரிசலோ இருந்தால் உடனே மாற்றுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிரேக் பிடிக்கையில் பெடலோ ஸ்டீயரிங்கோ அதிர்ந்தால், சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.