வரையப்படாத கேலிச்சித்திரம்

செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹாஷெக் படைத்த ஷ்வேக் என்னும் சிப்பாயை, ஓவியர் யோசெப் லாடாவின் கோடுகளிலேதான் உலகம் இன்றும் நினைவிற் கொண்டிருக்கிறது. முதலாம் மகாயுத்தம் மூண்டதும், வாத நோயால் நடக்கவியலாத ஷ்வேக் சக்கர நாற்காலியில் இருந்தபடி ஊன்றுகோல்களை உயர்த்திப் போர்முழக்கம் செய்துகொண்டு ஆட்சேர்ப்புக்குச் செல்கிறான். அரசாங்க வைத்தியரோ அவனை நோய் நடிப்பவன் என்று முடிவுகட்டிப் பட்டினியிலும் பேதியிலும் கிடத்துகிறார். இங்கே நகைக்கப்படுபவன் போருக்கு அஞ்சியவன் அல்லன். நோயாளியையும் துப்பாக்கி தூக்க வைக்கத் துடிக்கும் அரசாங்கமே. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்திலும் ஃபால்ஸ்டாஃப் ஆள் திரட்டும்போது, உடல் வலியோர் இலஞ்சம் கொடுத்துத் தப்ப, நலிந்தோரே படைக்குப் போகின்றனர்.

இரண்டாம் மகாயுத்தத்தில் இலங்கையரைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் வழக்கம் இருக்கவில்லை. 1942 ஏப்பிரில் 5ஆந் திகதி யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்து எழுந்து எதிர்த்தவை பிரித்தானிய விமானங்களே. கட்டாயம் நமக்குப் பின்னர், நம்மவர் கையாலேயே வந்தது. 1989இல் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென வடகிழக்கு இளைஞர் தெருவிற் பிடிக்கப்பட்டனர். 2006க்குப் பின் வன்னியில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கேட்டனர். மணமானவரை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி ஏறிற்று.

இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறந்த படைவிமானங்களின் இரைச்சலுக்கிடையே நான் புறநானூற்றின் 279ஆம் பாட்டை நடத்தியிருக்கிறேன். குடும்பத்து ஆடவரைப் போரிற் பறிகொடுத்த பின்பும், ஒரே மகனின் தலையை எண்ணெயிட்டு வாரி, வேல் கொடுத்து அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடுகிறார். அவ்வகுப்பில் ஆட்சேர்ப்புக்குத் தப்பக் கொழும்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். மகனை ஒளித்த அவர்களுடைய தாய்மாரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நயம் எழுதச் சொன்னேன். மிக நன்றாக எழுதினார்கள்.

சித்திரக்காரருக்குப் பஞ்சமில்லை. 1963இல் 'சிரித்திரன்' தொடங்கிய சிவஞானசுந்தரத்தின் மரபு நம்மிடம் உண்டு. ஆனால் வன்னியில் அத்தகைய சித்திரத்தை அச்சேற்றத்தக்க பத்திரிகை இருக்கவில்லை. கொழும்பிலோ, அச்சிட்டால் அது மற்றொரு படையின் பிரசாரமாகிவிடுமே என்ற தயக்கம். தயக்கத்திலும் நியாயம் இருந்தது.

போர் 2009இல் முடிந்தது. இனி வரையலாம். வரையப் புகும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள்: ஒளிந்த பையனைக் கோழையாக்கிச் சிரிப்பு மூட்டாதீர்கள். மேடையில் அப்பாட்டை முழங்கிவிட்டு, இலண்டனிற் படிக்கும் மகனுக்குக் காசு அனுப்ப வங்கிக்கு விரைபவரை வரையுங்கள். ஆள்பிடிப்போருக்குத் தப்பி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜ் அறையிற் படுத்திருந்தவன், நள்ளிரவுச் சோதனையிற் புலியென்று பிடிபட்டானே, அதனை வரையுங்கள். அவனைப் பிடித்த உத்தியோகத்தர் ஷ்வேக்கின் வைத்தியருக்கு நெருங்கிய உறவினர்.