சதுரங்கம் பயிலும் முறை

தாயம் ஆடித் தோற்றவன் தாயக்கட்டையைக் குறை கூறுவான். சீட்டாடித் தோற்றவன் தன் கைக்கு வந்த சீட்டுகளை நொந்துகொள்வான். சதுரங்கத்தில் தோற்றவனுக்கோ பழி சுமத்த ஒருவரும் இல்லை. இருவர்க்கும் ஒரே அளவு படை, ஒரே களம், மறைத்து வைக்கப்பட்டது யாதொன்றும் இல்லை. முதலில் காய் நகர்த்துபவர்க்குச் சிறிது வாய்ப்பு மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அடுத்த ஆட்டத்தில் அவ்வாய்ப்பு மற்றவரைச் சேர்ந்துவிடும். இந்த நேர்மையே இவ்விளையாட்டின் கவர்ச்சிக்கு முதற்காரணம் என்பது என் கருத்து. நம் ஊர்த் திண்ணைகளில் கோடு கீறி ஆடிவந்த ஆடுபுலி ஆட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அங்கே மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் வலிமையில் வேறுபட்டவை. எனினும் அங்கும் மறைவு என்பது இல்லை.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையின் பெயரே சதுரங்கம். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் வழங்கிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அரசனுக்கு அருகில் ஓரடியே நகர்ந்துகொண்டிருந்த அமைச்சர், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே களம் முழுதும் பாயும் அரசியாக மாறினார். நாம் இன்று ஆடுவது அவ்வாறு உருமாறித் திரும்பி வந்த ஆட்டமே.

இவ்வாட்டத்தின் பரப்பைச் சிறிது எண்ணிப் பாருங்கள். முதல் நகர்வை 20 வகையாகச் செய்யலாம். எதிரியும் 20 வகையாக விடை கூறலாம். ஆளுக்கு ஒருமுறை ஆடிய அளவிலேயே 400 நிலைகள்! ஆடக்கூடிய ஆட்டங்களின் தொகை 1ஐ அடுத்து 120 சுழிகள் இட்ட எண்ணுக்கு அண்மையில் இருக்கும் என்று கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1950ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். அங்ஙனமாயின், இதில் தேர்ந்தவர்கள் எவ்வாறு சிந்திக்கின்றனர்? எல்லாவற்றையும் கணக்கிட்டா?

இல்லை. டச்சு நாட்டு உளநூலறிஞர் அத்ரியான் தெ குரூட் இதனை ஆராய்ந்தார். வல்லுநர்கள் பிறரைவிட மிகப்பல நகர்வுகளை ஆராய்வதில்லை. தக்க சிலவற்றையே தேர்ந்து ஆராய்கின்றனர் என்று அவர் கண்டார். 1973இல் சேஸ், சைமன் என்னும் இருவர் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. உண்மை ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், வல்லுநர் பெரும்பாலான காய்களை மீண்டும் உரிய இடத்தில் வைத்துவிடுகிறார். புதியவரால் சிலவற்றையே வைக்க முடிகிறது. காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்துக் காட்டினாலோ, இருவரும் ஏறத்தாழ ஒரே நிலையினர் ஆகிவிடுகின்றனர்!

ஆகவே, வல்லுநரிடம் இருப்பது பிறவியில் வந்த பெரும் நினைவாற்றல் அன்று. பல்லாண்டுப் பயிற்சியால் மனத்தில் படிந்த உருவங்களே. நாம் சொற்களை எழுத்துக் கூட்டாமல் படிப்பதைப் போல அவர் களத்தைப் படிக்கிறார். "சதுரங்கம் ஆடினால் கணக்கில் நூறு மதிப்பெண் வரும்" என்று பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் இச்சோதனையை எண்ணிப் பார்க்க வேண்டும். சதுரங்கம் முதன்மையாகக் கற்பிப்பது சதுரங்கத்தையே. அதன் இன்பம் போதாதா?

பயில்வோர் பலர் தொடக்க நகர்வுகளைப் பதினைந்து இருபது என நெட்டுருப் போடுகின்றனர். எதிரி மூன்றாம் நகர்விலேயே புதுவழியில் திரும்பினால் திகைத்து நிற்கின்றனர். 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கிய கியூபா நாட்டுக் காபபிளாங்கா, இறுதிக் கட்டத்தை முதலில் பயிலுமாறு வற்புறுத்தினார். நானும் அவர் பக்கமே. அரசனும் ஒரு காலாளும் தனி அரசனை எதிர்க்கும் எளிய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி முந்தினால் வெற்றி, பிந்தினால் சமன். ஒவ்வொரு காயின் உண்மை மதிப்பும் வெற்றுக் களத்தில்தான் விளங்கும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வாகைப் போட்டியின் பதினான்காம் ஆட்டம் இதற்குச் சான்று. சென்னை இளைஞர் குகேஷுக்கு ஒரு காலாள் மிகுதி. எனினும் ஆட்டம் சமனாகும் என்றே பலரும் எண்ணினர். சீன வாகையர் டிங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுண்டன, மந்திரிகளின் பரிமாற்றமும் தவிர்க்க முடியாததாயிற்று. எஞ்சுவது அரசரும் காலாள்களுமே என்பதையும், அந்நிலை தமக்கு வெற்றி என்பதையும் குகேஷ் உணர்ந்தார். பதினெட்டு வயதில் உலக வாகை அவருடையதாயிற்று.

மற்றொன்று, தோற்ற ஆட்டத்தை ஆராய்தல். 1997இல் டீப் புளூ என்னும் கணிப்பொறி காஸ்பரோவை வென்றது. இன்று கைப்பேசியே எந்த வாகையரையும் வெல்லும். அதனிடம் கேட்டால் பிழையை நொடியில் காட்டிவிடும். ஆனால் அப்பிழையை நாம் ஏன் செய்தோம் என்பதை அது அறியாது. எதிரியின் நகர்வின் நோக்கத்தைக் கேளாமல் விட்டோமா? வெட்டக் கிடைத்த காயின்மேல் ஆசைப்பட்டோமா? ஆதலின் ஆட்டம் முடிந்தவுடன் குறிப்பேட்டில் நகர்வுகளையும், ஐயம் எழுந்த இடங்களையும், அங்கே நினைத்தவற்றையும் எழுதுங்கள். பொறியைத் திறப்பது அதன் பின்னரே ஆகட்டும்.