பெயர் போன குடும்பம்

பெயர் போன குடும்பம் என்றால் நாம் புகழ் பெற்ற குடும்பம் என்று அர்த்தம் செய்து கொள்கிறோம். ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பத்துக்கு நிஜமாகவே பெயர் போயிற்று. தானாகப் போகவில்லை, சட்டம் போட்டுப் பிடுங்கிக் கொண்டார்கள்!

அந்தப் பெயர் மெக்ரெகர். 'மெக்' என்றால் மகன். 'கிரெகரின் மகன்' என்று பொருள். மலைநாட்டுக்காரர்கள், முரட்டு ஆசாமிகள். 1603 பிப்ரவரியில் கிளென் புரூயின் என்ற பள்ளத்தாக்கில் இன்னொரு கூட்டத்தாருடன் சண்டை போட்டு, ஏராளமான பேரை வெட்டிச் சாய்த்தார்கள். ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு மகா கோபம். ஏப்ரல் 3-ந் தேதி உத்தரவு பிறந்தது: "மெக்ரெகர் என்று இனி எவனும் சொல்லிக் கொள்ளக் கூடாது, மீறினால் மரண தண்டனை." அடுத்த ஜனவரியில் அவர்களுடைய தலைவரை எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். 1633-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண் குழந்தைக்குக் 'கிரெகர்' என்று ஞானஸ்நானம் செய்யக் கூடாதென்று பாதிரிமார்களுக்கும் தடை விதித்தார்கள்.

உயிரா, பெயரா? பாவம், என்ன செய்வார்கள்! காம்ப்பெல், மரே, டிரம்மண்ட், கிராண்ட் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்து கொண்டார்கள். பேர் பெற்ற ராப் ராய் கூடத் தாயார் வீட்டுப் பெயரான காம்ப்பெல்லைப் போட்டுக் கொண்டவர்தான். 1661-ல் தடை நீங்கியது. 1693-ல் திரும்ப வந்தது. 1774-ல்தான் அடியோடு ஒழிந்தது.

இன்று அந்த வம்சத்துப் பேரன் ஒருவன் மூதாதையரைத் தேடிப் புறப்படுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆரம்பத்தில் எல்லாம் சுகமே. 1855 முதல் சர்க்கார் பதிவு இருக்கிறது. அந்த முதல் வருஷத்துப் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணமான தேதி, மற்றக் குழந்தைகளின் கணக்கு எல்லாம் உண்டு. எழுதுகிறவர்களுக்குக் கை வலித்ததோ என்னவோ, மறு வருஷமே பலவற்றைக் குறைத்து விட்டார்கள்! அதற்கு முந்தியவற்றுக்கு மாதா கோயில் புத்தகங்கள். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிப்பது அந்நாட்டு வழக்கம்; அதுவும் தேடுகிறவனுக்குப் பெரிய உதவி.

அப்படியே நூறு வருஷம் பின்னால் போனால், வழியை மறித்துக் கொண்டு ஒரு காம்ப்பெல் நிற்கிறார். இவர் அசல் காம்ப்பெல்லா, பயந்து ஒளிந்த மெக்ரெகரா? புத்தகம் வாயைத் திறக்காது. மூத்த மகனுக்குத் தகப்பனாரைப் பெற்றவர் பெயரை வைப்பது அங்கேயும் வழக்கம். நம் 'பேரன்' என்ற சொல்லே அப்படி வந்ததுதானே! அதைப் பிடித்துக் கொண்டு துப்புத் துலக்க வேண்டும். இப்போது மரபணுப் பரிசோதனையும் வந்திருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் அடையாளம் ஒன்று உண்டு. அதன் மேல் எந்த மன்னரின் சட்டமும் செல்லவில்லை.

1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். ஸ்காட்லாந்தின் கிரீடத்துக்குக் காவலாக நடந்து வந்தவர்கள் யார் தெரியுமா? மெக்ரெகர்கள்! முன்னால் வந்த தலைவர் ஸர் ஈவான், 'மரே' என்று எழுதி வந்த குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கிரீடம் பெயரைப் பறித்ததோ, அதற்கே காவல்!

ஆனால் எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. இரவல் பெயரே சொந்தப் பெயராகி விட்ட வீடுகள் எத்தனையோ. அவர்களுடைய பேரன்மார்தான் இன்று பழைய புத்தகங்களைப் புரட்டிக் கொண்டிருக்கிறார்கள்.