ஒட்டினால் போதுமா? உரிக்கவும் வர வேண்டாமா?

பிரிண்டர் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும். கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் பெயர் அச்சிட்டு ஒட்ட வேண்டும்! நானும் அப்படித்தான். சமையலறை டப்பாக்களை முடித்துவிட்டு அம்மாவின் மாத்திரை டப்பாக்களுக்கு வந்தேன். சாதாரண ஸ்டிக்கர் பேப்பரில் "பிரஷர் - காலை" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டினேன்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் அந்த மாத்திரையை இரவுக்கு மாற்றினார். ஸ்டிக்கரை உரித்தால் பேப்பர் கிழிந்து பாதி டப்பாவிலேயே நின்றது. அதன் மேலேயே புதியதை ஒட்டினேன். இரண்டு நாளில் அது விழுந்துவிட, அடியில் இருந்த "காலை" மட்டும் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துக் காலையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இரவில் மறுபடி கொடுக்கும் முன் எண்ணிப் பார்த்ததால் தப்பித்தோம்.

அன்று முதல் கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு பலமாக ஒட்டும்?" என்பதல்ல, "எப்படி உரியும்?" என்பதுதான். கடைக்காரர் சிரிக்கலாம். கவலைப்படாதீர்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் போஸ்ட்-இட் தாளும் பலம் குறைந்த பசையில் பிறந்ததுதான். 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் அந்தப் பசையைக் கண்டுபிடித்தார். அதற்கு ஒரு பயன் கண்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்குக் கொண்டுவர 1980 ஆகிவிட்டது.

மாற்ற வேண்டியிருக்கும் பொருளுக்கு வினைல் ஷீட்டே வாங்குங்கள். அது பிளாஸ்டிக் என்பதால் பேப்பர் போல நாராகக் கிழியாமல் முழுசாக வரும். உறையில் "ரிமூவபிள்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். "பெர்மனென்ட்" என்றிருந்தால் பைக்குக்கும் தினமும் கழுவும் தண்ணீர் பாட்டிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, "இங்க்ஜெட்" என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். போர்டு எழுதுபவர்கள் வெட்டும் சாதாரண வினைலில் நம் வீட்டு பிரிண்டரின் மை பிடிக்காது. கை பட்டதும் அழிந்துவிடும். இங்க்ஜெட் ஷீட்டை லேசர் பிரிண்டரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டால் செலவு பிரிண்டருக்கு!

பின்தாளிலிருந்து உரிப்பதும் ஒரு பிரச்சினைதான். வயதானவர்களின் விரலுக்கு விளிம்பே அகப்படாது. கத்தரிக்கோலால் வினைலையும் பின்தாளையும் சேர்த்து வெட்டுவதுதான் காரணம். கட்டரை ஸ்கேல் ஓரமாக லேசாக ஓட்டி மேலே உள்ள வினைலை மட்டும் வெட்டுங்கள். பின்தாள் முழுசாக இருக்கட்டும். சுற்றியுள்ள வேண்டாத வினைலை முதலிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு பின்தாளைக் கீழ்ப்பக்கம் மடக்கினால் ஸ்டிக்கரின் ஓரம் தானாக எழும்பும். மூலைகளை வளைவாக வெட்டுவதும் நல்லது; கூரான மூலைதான் முதலில் கிளம்பும்.

ரிமூவபிள் என்றாலும் வெயில் படும் ஜன்னலில் மாதக்கணக்கில் விட்டால் பசை தங்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கியபடி மெதுவாக இழுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் எண்ணெயை நன்றாகத் துடைக்காமல் அடுத்ததை ஒட்டினால் நிற்காது.

விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போன மாதம் மாத்திரை மாறியபோது பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதியதை ஒட்டியது நான் இல்லை, அம்மாதான்.