அச்சிலிருந்து கழன்று வருமா?

தேநீரைக் கரண்டியால் ஒரே திசையில் சுற்றிப் பாருங்கள். நடுவில் குழி விழும். திரவம் முழுவதும் ஒன்றாகச் சுழலும். அடியில் தங்கிய கெட்டிப்பாலோ மெதுவாகத்தான் மேலே வரும். சுழல்வது வேறு, கலப்பது வேறு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணி இங்கிருந்துதான் தொடங்கியது. சமூகத் தோட்டங்களில் பாகுபோன்ற திரவ உரத்தைத் தண்ணீருடன் கலக்க, மூடியில் கைத்துடுப்பு பொருத்திய பிளாஸ்டிக் கலன் ஒன்றை நால்வர் சேர்ந்து வடிவமைத்தோம். சுழற்சியைத் தடுக்க, உட்சுவரில் திருகுபோல் வளைந்து செல்லும் தடுப்புகளை வைத்தோம். முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த மாதிரி நன்றாகவே கலக்கியது. வகுப்பில் பாராட்டும் கிடைத்தது.

அதை ஆயிரக்கணக்கில் தயாரிக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்க அச்சுப் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். மூத்த தொழிலாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இது அச்சிலிருந்து எப்படிக் கழன்று வரும், தம்பி?”

எங்களிடம் பதில் இல்லை.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் உருகிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். அது இறுகியதும் அச்சு திறந்து பொருளை வெளியே தள்ளும். உள்ளே திருகு வளைவு இருந்தால் நேராக இழுக்க முடியாது. அச்சின் உட்பகுதியைச் சுழற்றிக் கழற்றும் அமைப்பு வேண்டும். செலவு பெரிதும் கூடும்.

அவர் சொன்ன மாற்றங்கள் எளியவை. வளைவுக்குப் பதில் நேர்க்குத்தான நான்கு தடுப்புகள். சுவர்கள் வாய்ப்புறம் அகன்று ஏறக்குறைய ஒரு பாகை சாய வேண்டும். தடுப்பின் தடிமன் சுவரின் தடிமனில் பாதி போதும். அதிகம் தடித்தால் குளிரும்போது வெளிப்புறத்தில் பள்ளம் விழும். பிறகு பாடநூலைப் புரட்டினோம். கலக்கும் தொட்டிகளுக்கான வழக்கமான அமைப்பும் அதுவே: விட்டத்தில் பத்தில் அல்லது பன்னிரண்டில் ஒரு பங்கு அகலமுள்ள நான்கு நேர்த்தடுப்புகள். அவை சுழற்சியை உடைத்துத் திரவத்தை மேலும் கீழும் புரட்டுகின்றன.

முப்பரிமாண அச்சுப்பொறியை நான் குறைசொல்லவில்லை. அது அடுக்கடுக்காகக் கட்டுவதால் ‘கழன்று வருமா’ என்ற கேள்வியே எழுவதில்லை. அந்த வசதியே எங்களை ஏமாற்றியது. நாங்கள் இழந்தது ஆறு வாரம் மட்டுமே. எஃகை வெட்டிய பிறகு தெரிந்திருந்தால்? திரையில் திருத்துவதுபோல் எஃகைத் திருத்த முடியாது.

பட்டறை வேலை படிப்பு வராதவர்களுக்கு என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். இப்போது வெட்கப்படுகிறேன். வடிவமைப்பு மாணவர்களை முதல் கோடு வரையும் முன்பே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களையும் எங்களையும் ஒரே திட்டக்குழுவில் சேர்க்கலாமே! வரையத் தெரிந்தவர்களும் செய்யத் தெரிந்தவர்களும் தனித்தனியே சுழன்றுகொண்டிருந்தால் எப்படிக் கலப்பது?