திறப்புவிழாவுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது?

‘அனைவருக்குமான அருங்காட்சியகம்’ என்றால் நிதி தர நிறுவனங்கள் இப்போது தயங்குவதில்லை. சாய்தளத்துக்கு ஒரு வங்கி, பிரெய்ல் பலகைகளுக்கு ஓர் அறக்கட்டளை, ஒலிவழிகாட்டிக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் என்று நுழைவாயிலில் புரவலர் பட்டியல் நீள்கிறது. வரவேற்போம். ஆனால் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பது யார்?

இத்தாலியின் அன்கோனா துறைமுக நகரில் ஓமெரோ என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. கண்பார்வையற்ற கவி என்று மரபு சொல்லும் ஹோமரின் பெயர் அது. மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களுடைய வார்ப்புகள், பார்த்தினானின் மாதிரி, இக்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகள் என எதையும் அங்கே கையால் தடவிப் பார்க்கலாம். இப்படியோர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் ஆல்தோ கிராசினி, தனியேலா பொத்தெகோனி என்ற பார்வையற்ற தம்பதி. ஊர் ஊராகப் பயணம் போய், அருங்காட்சியகங்களில் ‘தொடக் கூடாது’ என்று தடுக்கப்பட்டவர்கள். 1993இல் அன்கோனா நகராட்சி அதைத் தொடங்கியது. மார்க்கே பிராந்திய அரசு கைகொடுத்தது. 1999இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை அரசு அருங்காட்சியகம் ஆக்கியது. தேவையை உணர்ந்தவர்கள் முன்னே நடந்தார்கள். பணம் பின்னே வந்தது. பார்வையுள்ளவர்களும் அங்கே போய்ச் சிற்பத்தைத் தொட்டு அறிகிறார்கள்.

நம் நாட்டில் 2015இல் தில்லி தேசிய அருங்காட்சியகம், யுனெஸ்கோவும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளும் துணைநிற்க, ‘அனுபவ்’ என்ற தொட்டுணரும் கூடத்தைத் திறந்தது. நல்ல தொடக்கம். தனிக்கூடத்தோடு நின்றுவிடாமல் மற்றக் கூடங்களுக்கும் அது பரவ வேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலை அவர்களுக்கு எட்டும்படி செய்வதை அரசின் கடமையாக்குகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நிதியாதரவு தரவும் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு.

சிக்கல், திறப்புவிழாவுக்கு மறுநாள் தொடங்குகிறது. ஆயிரம் கைகள் பட்டு, தொட்டுணரும் மாதிரிச் சிற்பம் தேய்கிறது. காட்சிப்பொருளை மாற்றினால் ஒலிவழிகாட்டியையும் மாற்ற வேண்டும். சைகைமொழி பெயர்ப்பாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும். இவற்றில் பெயர் பொறிக்கக் கல் இல்லை. நாடா வெட்டும் படம் இல்லை. எனவே புரவலரும் இல்லை. ஆனால் இவை இல்லாத இடத்தில் சாய்தளம் வாசல்வரைதான் கொண்டுபோய்விடும்.

நிதி தருவோரிடம் இரண்டு கேட்கிறோம். கட்டுவதற்குத் தருவதுபோல், ஆண்டுதோறும் நடத்துவதற்கும் தாருங்கள். காசோலையில் கையெழுத்திடும் முன், நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடப் போடாத அருங்காட்சியகம், வாசலில் என்ன எழுதி வைத்திருந்தாலும், அனைவருக்குமானது அல்ல.