லாரிக்குப் போறானாம்!

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன். இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்தில் ஒரு பேச்சு அடிபட்டது. என் தங்கை மருமகன் விமானத்தில் துணை பைலட்டாக இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். (மாப்பிள்ளையை 'அவன்' என்று எழுதினால் தங்கை கோபிப்பாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், எனக்கு அவன்தான். அவனும் என்னை இன்னும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறான்.) ஏழு வருடமாகப் பயணிகள் விமானம் ஓட்டுகிறான். இப்போது ஒரு சரக்கு விமான நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தியில் பெரியப்பா முறை ஒருவர் சொன்னார்: "பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தவன் லாரிக்குப் போறானாம்!" இலையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இன்னொரு அம்மாள், "பொண்ணு குடுக்கறப்போ பைலட்டுன்னுதானே சொன்னாங்க?" என்றார். அதற்கும் சிரிப்பு.

நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு லாரி என்றால் சிரிக்கிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இந்த ஊரின் கல்யாண மண்டபங்கள் எந்தக் காசில் எழுந்தன? பாடி கட்டும் பட்டறையும் டேங்கரும் டிரெய்லரும் இல்லையென்றால் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருப்போம்? அன்று சிரித்தவர்களில் மூன்று பேர் வீட்டில் லாரி நின்றது, நானே பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சரக்கு விமானம் ஓட்ட இளப்பமான தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. அதே லைசென்ஸ்தான். போயிங் 737-800 ஓட்டத் தகுதி வாங்கியவர் அதில் ஆளையும் ஏற்றலாம், பெட்டியையும் ஏற்றலாம். அதே மருத்துவப் பரிசோதனை, அதே சிமுலேட்டர் தேர்வு. வித்தியாசம் எல்லாம் பின்பக்கம், இருக்கை இருந்த இடத்தில் சரக்கு இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் டெல்லிக்குப் போகிற விமானத்திலும் உங்கள் காலுக்கு அடியில் சரக்கு போகிறது. அதை ஓட்டுகிறவரும் அந்த அளவுக்கு லாரி டிரைவர்தான். இறங்கும்போது அவருக்குக் கும்பிடு போடுகிறீர்களே!

2020 மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து மே 25 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. சரக்கு மட்டும் பறந்தது. மருந்தும் பரிசோதனைக் கருவிகளும் அந்த நாட்களில் எப்படி வந்தன என்று நினைக்கிறீர்கள்? 'சூரரைப் போற்று' படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டீர்கள். அந்தக் கதைக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத் பிறகு என்ன தொழில் தொடங்கினார் தெரியுமா? டெக்கான் 360 என்று ஒரு சரக்கு விமான நிறுவனம். அது ஓரிரு வருடத்தில் நின்றுபோனது வேறு கதை. பயணிகள் நிறுவனம் மட்டும் நிலையானதா? கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். பயணிகளை ஏற்றிய நிறுவனம் என்பதால் எதுவும் தப்பவில்லை. ப்ளூ டார்ட்டின் சரக்கு விமானங்களோ 1996 முதல் பறந்துகொண்டிருக்கின்றன, அதுவும் சென்னையை மையமாக வைத்து.

கௌரவப் பேச்சு இத்தோடு போதும். எனக்கு அதைவிடக் கோபம் வந்தது எதிர்க்கட்சியின் மேல். "சும்மா இருங்க அத்தை, கார்கோன்னா ராஜா வாழ்க்கை. பயணி இல்லை, புகார் இல்லை, லேட்டானாலும் கேட்க ஆளில்லை" என்று என் பெரியம்மா பேரன் ஒருவன் விளக்கம் கொடுத்தான். அவன் ஐ.டி.யில் இருக்கிறான், எல்லாம் தெரிந்தவன்.

தம்பி, பெட்டி புகார் சொல்லாது. ஆனால் பெட்டிக்குத் தீப்பிடிக்கும். 2010 செப்டம்பரில் துபாயில் யு.பி.எஸ். நிறுவனத்தின் ஜம்போ விமானம் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில், உள்ளே ஏற்றியிருந்த லித்தியம் பேட்டரிச் சரக்கில் தீப்பற்றியது. பைலட் அறை முழுக்கப் புகை. இரண்டு பைலட்டும் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில், கட்டியிருந்த ராணுவ வாகனம் கழன்று பின்னால் நகர்ந்ததில் ஒரு சரக்கு விமானம் விழுந்து ஏழு பேர் போனார்கள். லோடு ஒழுங்காகக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க் கிளீனர் பையனுக்குத் தெரியும். ராஜா வாழ்க்கை என்று சொல்கிறவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் இதுவும் முக்கியக் கேள்வி இல்லை.

பந்தி முடிந்து கை கழுவப் போனபோது பையனின் அம்மா கொல்லைப்புறம் நின்று அழுதுகொண்டிருந்தார். ஊர் சிரித்ததற்காக அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். அவர் சொன்னது: "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க டீச்சர். அவங்கப்பனாட்டமே ராத்திரி கண்ணு முழிக்கப் போறானுங்களே, அதுதானுங்க."

எட்டாவது வரை படித்தவர். அன்று வந்திருந்த அத்தனை பேரிலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருத்திதான்.

அவன் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு போவார். வீடு வந்தால் பகல் முழுக்கத் தூங்குவார். பையன் என் வகுப்புக்கு வந்த காலத்தில், "அப்பா தூங்கறார்னு வீட்டுல சத்தம் போட்டுப் படிக்க முடியல டீச்சர்" என்று வாய்ப்பாடு ஒப்பிக்காததற்குக் காரணம் சொல்வான். ஒரு விடியற்காலை நாலு மணிக்கு நாக்பூர்ப் பக்கம் கண் அசந்து, நின்றிருந்த வண்டியில் மோதினார். கால் போகாமல் தப்பியதே பெரிது. அதற்குப் பிறகு ஓட்டவில்லை.

சரக்கு விமானத்தின் தொழிலே ராத்திரிதான். சாயங்காலம் கூரியர் ஆபீஸில் கொடுத்த கவர் காலையில் வேறு ஊரில் கிடைக்க வேண்டும் என்றால் நடு ராத்திரியில் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கத்தானே வேண்டும்? ஊர் ஊராகச் சரக்கைச் சேகரித்து, ஓர் இடத்தில் கொட்டிப் பிரித்து, விடிவதற்குள் திருப்பி அனுப்புவது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் 1973-ல் மெம்பிஸ் நகரை வைத்து இப்படித்தான் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை மனித உடம்பு எவ்வளவு பழக்கினாலும் தொய்ந்துதான் கிடக்கும் என்று விமானத் துறை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. அந்த நேரத்தில்தான் இறங்கும் வேலை. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் விடிவதற்கு முன் இறங்க வந்த யு.பி.எஸ். விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதி இரண்டு பைலட்டும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் களைப்பும் ஒன்று. இதில் கொடுமை என்னவென்றால், பைலட்டுகளுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டி அமெரிக்க அரசு 2014-ல் அமலாக்கிய புது விதியில், சரக்கு பைலட்டுகளைச் சேர்க்கவில்லை. பெட்டி ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வராதா? பந்தியில் சிரித்த அதே புத்திதான் அங்கே சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஆள் இல்லையென்றால் முன்னால் இருப்பவனும் ஆள் இல்லை!

நம் நாட்டில் பயணிகள் பக்கம் மட்டும் நிம்மதி என்று சொல்லவில்லை. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, ராத்திரி இறங்குவதைக் குறைத்து விதி வந்தது. அதற்கேற்ப ஆள் எடுக்காததால்தான் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. கடைசியில் என்ன செய்தார்கள்? அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளில் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். அதனால்தான் பையனும் ஊசலாடுகிறான். இப்போது ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குகிறான், எந்த ஊரில் படுப்பான் என்று அவனுக்கே தெரியாது. சரக்குப் பக்கம் போனால் ராத்திரி வேலைதான், ஆனால் பெரும்பாலும் காலையில் வீட்டுக்கு வந்துவிடலாம், இரண்டு வயதுக் குழந்தையைப் பார்க்கலாம் என்கிறான்.

நான் அவனிடம் கேட்டேன். தொடர்ந்து எத்தனை ராத்திரி? அதற்குப் பிறகு எத்தனை ராத்திரி வீட்டில்? இரண்டு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் பகலில் எங்கே படுப்பாய்? துணை பைலட் விலக ஆறு மாத நோட்டீஸ், கேப்டனாகிவிட்டால் ஒரு வருடம் என்கிறார்களே, போன இடம் ஒத்துவராவிட்டால் அதுவரை தாங்குவாயா? திரும்பி வந்தால் சீனியாரிட்டியில் கடைசி ஆளாகத்தானே நிற்பாய்? பாதிக்குப் பதில் வைத்திருந்தான். பகல் தூக்கத்துக்கு மட்டும் பதில் இல்லை. "பழகிக்கலாம் டீச்சர்" என்றான். பழகாது, உன் அப்பாவைக் கேள் என்றேன்.

அதற்குப் பதில் கிடைத்தால் அவன் தாராளமாகப் போகட்டும் என்பது என் கட்சி. கிடைக்காவிட்டால் எத்தனை லட்சம் கூடக் கொடுத்தாலும் வேண்டாம். இதில் ஊர்ச் சிரிப்புக்கு எந்த இடமும் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பந்தியில் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. முப்பது வருடம் வகுப்பில், "படிக்கலேன்னா லாரி ஓட்டத்தான் போவே" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் சொன்னேன். அப்போது அவன் அப்பா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி அப்பா இருந்தாரோ, அவர்களிடம் எல்லாம் இந்த டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தை பிறப்பதற்குள் அவன் பதில் சொல்ல வேண்டுமாம். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். பார்க்க வருகிறவர்கள் "என்ன, லாரியா பஸ்ஸா?" என்று வாயைத் திறக்க வேண்டாம். எதை முடிவு செய்தாலும் சரி, இனிமேல் பகலில் அவனுக்கு போன் போடுகிறவர்கள் முதலில் என் தங்கை மகளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், தூங்குகிறானா என்று.